பயந்துகொண்டே வந்தவர்

சேலையூரில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்காவுக்கு எல்லாவற்றிலும் பயம். அதை அவர் மறைத்ததே இல்லை. மற்றவர்கள் வெயிலைப் பற்றியும் கரண்ட் கட்டைப் பற்றியும் பேசுவதுபோல அவர் தன் பயங்களைப் பற்றிப் பேசுவார். நகல் எடுக்க வந்து நிற்பவரிடம், "அந்த ஒயராண்ட நிக்காத கண்ணு, எனக்குப் பயமா கீது" என்பார். தூறல் விழுந்தால் போதும், மெஷினை அணைத்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்.

"இடி இல்லையேக்கா, சும்மா தூறல்தானே?" என்று கேட்டால், "இடி இன்னா சொல்லிகினா வருது?" என்பார்.

நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். தனியாகத்தான் இருந்தார். கணவர் இறந்துவிட்டதாக ஒருத்தி சொன்னாள், பிரிந்துபோனதாக இன்னொருத்தி சொன்னாள். நான் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு. பின்னாலிருந்து யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பார்.

கேம்ப் ரோடு சந்திப்பில் சாலையைத் தனியாகக் கடக்க அவரால் ஆகாது. பக்கத்தில் யார் நின்றாலும் கையைப் பிடித்துக்கொள்வார். ஆண், பெண், தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒருநாள் காலையில் டை கட்டிய ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டு சாலை நடுவில் நின்றார். நான் அந்தப் பக்கம் காய்கறிப் பையோடு அக்காவுக்காகக் காத்திருந்தேன். பஸ்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. கடந்து வந்ததும் அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, உன் கையும் நடுங்குது?"

"இன்டர்வியூக்கா."

"அதான பாத்தேன். எனக்குதான் நடுங்குதுன்னு நெனச்சிகினு வந்தேன்."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடுதான் உள்ளே போயிருப்பான் என்று நினைக்கிறேன்.

அவர் பயந்ததில் முக்கால்வாசி நடந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கார்த்திகை மழையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதுமே கீழ்த்தளத்து வீடுகளின் கதவையெல்லாம் தட்டி, "தண்ணி வருது, மேல ஏறுங்க" என்று கிளப்பிவிட்டார். மிக்ஸி, டிவி, அரிசி மூட்டை எல்லாம் மாடிப்படிக்கு ஏறின. சாயங்காலம் வெயில் அடித்தது. தண்ணீர் தானாக வடிந்துவிட்டது. எல்லோரும் திட்டிக்கொண்டே சாமான்களை இறக்கினார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து இறக்கினார். "வரல இல்ல, நல்லதுதானம்மா" என்றார். அவமானப்பட்டதாகவே தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் எங்களோடு காட்டுக்கு வந்தார் என்றால் யாரும் நம்புவதில்லை.

என் கணவர் ரகுவுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. வாரம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கூடுவாஞ்சேரி தாண்டி உள்ளே போனால் காப்புக்காட்டை ஒட்டி ஒரு சிறிய குன்று உண்டு. மனை போட்ட கற்களுக்கு அப்பால் முள்புதரும் பாறையும்தான். அங்கே எடுத்த படம் ஒன்றைக் கலர் பிரிண்ட் போட அக்காவின் கடைக்குக் கொண்டுபோனார். இலையே இல்லாத முருக்கமரம் உச்சி முழுக்கச் சிவப்பாகப் பூத்து நிற்கும் படம். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எந்த ஊரு சார்?"

"இங்கதான்க்கா. கூடுவாஞ்சேரிகிட்ட."

"பாம்பு கீம்பு கீதா?"

"இருக்கும்."

"நாயி?"

"அதுவும் இருக்கும்."

"அப்ப பயமாத்தான் இருக்கும்" என்றார் அக்கா. படத்தைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, "நானும் வரட்டா?" என்று கேட்டார்.

வந்தார். ஒரு தடவை அல்ல, அந்த மாசியில் தொடங்கி ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நடப்பார். முன்னால் போனால் பாம்பு, பின்னால் வந்தால் வேறு ஏதாவது. சருகு அசைந்தால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அசைந்தது ஓணான் என்று தெரிந்த பிறகும் விடமாட்டார். ஆனால் பார்ப்பதற்கு அவரைப்போல ஆளில்லை. தரையோடு தரையாகக் கிடக்கும் விஷ்ணுகிரந்தியின் பொட்டு அளவு நீலப் பூவுக்கு முன்னால் குந்திக்கொள்வார். கம்பியில் உட்கார்ந்து தும்பியைப் பிடிக்கும் பஞ்சுருட்டான் குருவியைப் பார்த்து, "தோ பாரு, பச்ச சட்டக்காரன்" என்பார். ரகு சரியான பெயரைச் சொல்லிக்கொடுப்பார். அடுத்த வாரமும் அது பச்சைச் சட்டைக்காரன்தான்.

"இவ்ளோ பயத்தோட ஏன்க்கா வரீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

"பயத்த வூட்டுக்குள்ளயே வெச்சிகினு இருந்தா அது துன்னுட்டு துன்னுட்டு பெருத்துகினே போவுதும்மா. வெளிய இட்டாந்தா கொஞ்சம் களைச்சுப் போவுது."

சென்னைப் பக்கத்தில் வசந்தம் என்று தனியாக ஒன்றும் வருவதில்லை. பனி விட்டு வெயில் கொளுத்தத் தொடங்கும் முன் சில வாரங்கள் கிடைக்கும். வேம்பு தளிர்க்கும், நுணா பூக்கும், அவ்வளவுதான். அப்படி ஒரு பங்குனி ஞாயிறு அது. கருக்கலிலேயே கிளம்பிவிட்டோம். குன்றின் அடிவாரம் முழுக்க ஆவாரை மஞ்சளாகக் கிடந்தது. நுணாப்பூ வாசனை காற்றில் விட்டுவிட்டு வந்தது. ஒரு முயல் எங்களைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டு ஓடியது. மயில் ஒன்று பாறைமேல் தோகையை இழுத்துக்கொண்டு ஏறியது. அக்கா கையில் பெரிய கறுப்புக் குடை ஒன்று வைத்திருந்தார். வெயிலில் மயக்கம் வந்துவிடும் என்று அன்றைக்கு அவருக்குப் பயம்.

குன்றின் பின்புறம் கைவிடப்பட்ட கல்குவாரி இருந்தது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். நான்காவது பக்கம் ஒரு காலத்தில் லாரி போய்வந்த சரிவு. அடியில் பச்சையாகத் தேங்கிய தண்ணீர். அந்தச் சுவரின் பொந்து ஒன்றில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருப்பதாக ரகுவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்று பேரும் சரிவில் பாதி தூரம் இறங்கி, ஒரு பாறை ஓரமாக நின்றோம். ரகு பைனாகுலரால் சுவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேலே சரளைக்கல் சிதறும் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் ஒரு புள்ளிமான் எங்களைத் தாண்டிக் கீழே பாய்ந்தது. பெண்மான். நாக்கு வெளியே தொங்கியது. பின்தொடையில் தோல் கிழிந்து தொங்கியது. நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, கழுத்து மட்டும் வெளியே தெரிய நின்றது.

அதன் பின்னாலேயே நாய்கள் வந்தன. ஏழெட்டு இருக்கும். தெருவில் பார்க்கிற அதே நாய்கள்தான், வெள்ளையும் செம்பட்டையுமாக. குன்றுக்கு அந்தப் பக்கம் ஊர்க் குப்பையைக் கொட்டுவார்கள், கோழிக்கடைக் கழிவும் அங்கேதான் வரும். அதைத் தின்று வளர்ந்தவை. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. தெருநாய் என்றால் குரைக்கும், அது நமக்குப் பழக்கம். சத்தமே போடாமல் வேலை செய்கிற நாயை நான் அதுவரை பார்த்ததில்லை. அவை எங்களைத் தாண்டிப் போய், தண்ணீரைச் சுற்றி நின்று மானைப் பார்த்தன.

"போயிடலாம் சார்" என்றார் அக்கா, வாய்க்குள்ளேயே. "அதுங்க நம்மள பாக்கல. பயமா கீது. போயிடலாம்."

"மான் செத்துடும்க்கா" என்றார் ரகு.

"ரகு, வேணாம்" என்றேன்.

அவர் கல்லை எடுத்துவிட்டார். வீசினார். ஒரு நாயின் விலாவில் பட்டு அது ஒரே ஒரு தடவை கத்தியது. எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின.

அடுத்த கல் அவர் கையிலிருந்தது. அதை அவர் வீசவில்லை. நாய்கள் ஓடி வரவில்லை, நடந்து வந்தன. வரும்போதே அகலமாகப் பிரிந்தன. அப்படிப் பிரிவதைப் பார்த்ததும் ரகுவுக்கு ஏதோ ஆயிற்று. "ஓடுங்க!" என்று கத்திவிட்டுத் திரும்பிச் சரிவில் மேலே ஓடினார். நானும் ஓடியிருப்பேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எலும்பு நொறுங்குவதுபோன்ற பிடி.

"கால் வரலம்மா" என்றார்.

நாய்கள் எங்கள் இரண்டு பக்கமும் கடந்து போயின. ஒன்றின் முதுகு என் முழங்காலில் உரசியது. அந்த உரசலில் சூடு இருந்தது. நாங்கள் அசையாமல் நின்றதால் எங்களை விட்டுவிட்டு, ஓடுகிறவரைத் துரத்தின. செம்பட்டை நாய் ஒன்று அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. அவர் முகம் குப்புற விழுந்தார். பைனாகுலர் பாறையில் மோதிய சத்தமும், அதற்கு மேல் அவர் போட்ட சத்தமும் கேட்டன. பதினோரு வருடம் கூட வாழ்ந்தவரின் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை.

அப்போது அக்கா குடையை விரித்தார். படாரென்று விரிந்தது. அதை முன்னால் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு, என் கையை விடாமல், சரிவில் மேல்நோக்கி நடக்கத் தொடங்கினார். வராத கால் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"பயமா கீது!" என்று கத்தினார். வேறு வார்த்தை வரவில்லை போலிருக்கிறது. "பயமா கீது! பயமா கீது!"

மூன்று பாறைச் சுவரும் அதை வாங்கித் திருப்பிச் சொல்லின. குவாரி முழுக்க யார் யாரோ கத்துவதுபோல இருந்தது. பொந்திலிருந்து ஏதோ ஒன்று பெரிதாகச் சிறகடித்து எழுந்து போனது. நாய்கள் தலையைத் தூக்கின. செம்பட்டை மட்டும் காலை விடவில்லை. குடை அதன் முகத்துக்கு நேராகப் போனபோதுதான் விட்டுவிட்டுப் பின்னால் தாவியது.

நான் ரகுவைத் தூக்கி நிறுத்தினேன். துப்பட்டாவால் காலைக் கட்டினேன். அது உடனே சிவந்தது.

அவை போய்விடவில்லை. திரும்பி நடந்த வழி முழுக்கப் பின்னாலேயே வந்தன. நாங்கள் நின்றால் நின்றன. ஓடக்கூடாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் இப்போது தெரிந்திருந்தது, ஓடவும் ரகுவால் முடியாது. அவர் என் தோளில் சாய்ந்து ஒற்றைக்காலால் தத்தினார். அக்கா எங்களுக்குப் பின்னால், குடையை நாய்கள் பக்கம் பிடித்துக்கொண்டு பின்புறமாகவே நடந்து வந்தார். எப்போதும் நடுவில் நடப்பவர் அன்று கடைசியில் வந்தார். வாய் ஓயவில்லை.

"பயமா கீதும்மா. அந்தச் செம்பட்ட இன்னும் வருது. பின்னாடி பள்ளம் கீதான்னு சொல்லு, எனக்குத் தெரில. தம்பி கால்ல ரத்தம் பாத்தா மயக்கம் வருது. மயக்கம் வந்துடுமோன்னு வேற பயமா கீது…"

அதுவரை 'சார்' என்று மட்டுமே கூப்பிட்டவர் ரகுவைத் தம்பி என்றது அப்போதுதான். ஒரு கட்டத்தில் மூச்சு வாங்கிப் பேச்சு நின்றது. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. எங்களுடையதும், அவற்றினுடையதும்.

"பேசிட்டே வாங்கக்கா" என்றார் ரகு. அவர் குரல் உடைந்திருந்தது. "நிறுத்தாதீங்க."

அக்கா மறுபடி தொடங்கினார். ஆவாரம்பூக்கள் இருபுறமும் மஞ்சளாக நின்றன. காலையில் நான் மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்த நுணா வாசனை வந்தபோது வாந்தி வரும்போல இருந்தது. மனைக்கற்கள் தெரியத் தொடங்கிய இடத்தில் திரும்பிப் பார்த்தேன். நாய்கள் ஒரு வரிசையாக நின்றுவிட்டிருந்தன. அதற்கு மேல் வரவில்லை. மான் என்ன ஆனது என்று எங்கள் மூவருக்கும் இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார்கள். கடித்த இடத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள். அக்கா வெளியே பெஞ்சில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசிக்கும் பயம்.

"எப்படிக்கா குடையை விரிக்கணும்னு தோணுச்சு?" என்று கேட்டேன்.

"அதுங்க மூஞ்ச பாக்க வேணாம்னுதான்மா விரிச்சேன்."

"அப்புறம் ஏன் அதுங்ககிட்டயே போனீங்க?"

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "தம்பி அங்க கெடந்தாரு. நாம மட்டும் இங்க நின்னுகினு இருக்க பயமா இருந்துச்சு."

ரகுவின் கால் ஆறியது. ஆனால் அவர் பழையபடி ஆகவில்லை. பைனாகுலர் அலமாரிக்கு மேல் ஏறியது. பைக்கில் ஆபீஸ் போனவர் வாடகைக் காரில் போகத் தொடங்கினார். கேட்டால் முதுகு வலி என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போகலாமா என்றால் வெயில் ஜாஸ்தி என்றார், வேலை இருக்கிறது என்றார். ஒரு தடவைகூடப் பயம் என்று சொல்லவில்லை. தூக்கத்தில் மட்டும் கால் உதறும். நான் மட்டும் என்ன ஒழுங்கு? பால் வாங்கப் போகும்போது வாசலில் படுத்திருக்கும் கிழட்டு நாயைப் பார்த்தால் முழங்காலில் அந்தச் சூடு திரும்ப வரும். சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போவேன். இதை நானும் அவரிடம் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு பயங்களைத் தனித்தனியாக ஒளித்து வைத்துக்கொண்டு வாழ்ந்தோம்.

ஒரு திங்கட்கிழமை கடைக்குப் போனபோது அக்காவின் புறங்கையில் முள் கீறல் இருந்தது.

"என்னக்கா இது?"

"நேத்து அங்க போனேன்மா. கொன்ன பூத்துகீது. சரஞ்சரமா."

"எங்கே?"

"அங்கதான். குன்றுக்கு."

"தனியாவா? பைத்தியமாக்கா உங்களுக்கு?"

"குவாரியாண்ட போவல. மனைக்கல்லுக்கு இந்தப் பக்கமே நின்னு பாத்துட்டு வந்துட்டேன். அதுக்கே நாக்கு வறண்டு போச்சு." மெஷினில் தாளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "மூணு வாரமா போறேன். உங்கள கூப்ட மனசு வரல."

"எங்களால முடியலக்கா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. முதல்முறையாக அதைச் சொன்னேன். "அவருக்கும் முடியல. எனக்கும் முடியல. உங்களால மட்டும் எப்படி முடியுது?"

"எனக்குப் பயந்து பயந்து பழக்கம்மா" என்றார் அக்கா. "உங்களுக்குப் புதுசு."

அதில் குத்தலோ பெருமையோ இல்லை. உடம்பு சரியில்லாதவர்களைப் பார்த்துச் சொல்லும் குரலில்தான் சொன்னார். அன்று இரவு சாப்பிடும்போது ரகுவிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "எனக்கு இன்னும் அந்தக் குவாரிச் சத்தம் கேக்குது" என்றார். எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா அந்தக் கடையை அடுத்த வருடம் மூடிவிட்டார். கட்டடத்தை இடிக்கப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்த தங்கை வீட்டோடு போய்விட்டார். கொஞ்ச நாள் போனில் பேசினோம், பிறகு நம்பர் மாறிப் போயிற்று. அவரைப் பற்றி நினைத்தால் குவாரியைவிட இன்னொரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. அக்கா கடையில் அப்படிச் சொன்ன வாரத்தின் கடைசியில் வந்த ஞாயிறு.

அன்று காலை ரகு எழவில்லை. நான் மட்டும் அக்கா கிளம்பும் நேரம் பார்த்துத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார். பஸ் கிளம்பும்வரை இறங்கிவிடலாமா என்று நான் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பிவிட்டது.

"பயமா கீதா?" என்றார்.

"ஆமாக்கா."

"எங்க கீது?"

"வயித்துல."

"வயித்துலயே இருக்காது. பெருங்களத்தூர்ல நெஞ்சுக்கு ஏறும். வண்டலூர்ல தொண்டைக்கு வரும். எச்சி முயுங்க முடியாது. ஊரப்பாக்கம் தாண்டினா எறங்கிடும். எனக்கு எப்பவும் அப்டித்தான்."

பெருங்களத்தூரில் நெஞ்சு அடித்துக்கொண்டது. வண்டலூரில் அவர் சொன்னபடியே தொண்டை அடைத்தது. அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் உள்ளங்கையும் ஈரமாகத்தான் இருந்தது. இரண்டு கையில் எது நடுங்குகிறது என்று தெரியவில்லை. ஊரப்பாக்கம் வந்தது, போனது. அக்கா மெதுவாக மூச்சுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எறங்கிச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கூடுவாஞ்சேரி, கூடுவாஞ்சேரி!" என்று கண்டக்டர் கத்தினார். அக்கா எழுந்தார். எனக்குப் பயம் இறங்கவில்லை. நாங்கள் இறங்கினோம்.